உயிர்த்தோழர் உரையாற்றுவார்

— இந்தக் குழாய் தானா உடையலம்மா. யாரோ ஸ்பேனர் போட்டுத் திருகியிருக்காங்க.

— எலியா இருக்கும் தம்பி.

— எலி ஸ்பேனர் பிடிக்குமா?

— எங்க வீட்டு எலி பிடிக்கும். பட்டாளத்துக்காரனைப் பெத்த வீடாச்சே.

— போன தடவை ஜன்னல் கொக்கி. அதுக்கு முந்தி ஃபேன் ரெகுலேட்டர். நான் கேம்ப்ல இருந்து வர்ற அன்னிக்குன்னு பார்த்து ஏதாவது ஒண்ணு கழண்டு விழுது.

— வந்தா உனக்கொரு வேலை இருக்கணும்ல. சும்மா உட்காரச் சொன்னா காபி ஆறுறதுக்குள்ள செருப்பை மாட்டிடுவே.

— அப்போ எலி நீங்கதான்.

— பேச்சை மாத்தாதே. வாஷர் தேய்ஞ்சிருக்கான்னு பாரு.

— எங்க தேயுது? புத்தம் புதுசு. நான் போட்டதுதான். அண்ணியும் பாப்பாவும் எங்க?

— பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்காங்க. நாளைக்கு அங்கதானே என் பையன் பேரு வெட்டின கல்லைத் திறக்கிறாங்க. நாற்காலி போடுறதைப் பக்கத்துல நின்னு பார்த்தாத்தான் மருமகளுக்குத் திருப்தி. அழைப்பிதழ் பார்த்தியா? 'உயிர்த்தோழர் உரையாற்றுவார்'னு கொட்டை எழுத்துல உன்னைப் போட்டிருக்கு.

— அதைப் பத்திதான் சொல்ல வந்தேன். நான் பேசலையேம்மா. மேடைன்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும்.

— மூணு வருஷமா இந்தச் சமையல்கட்டுல உன் நாக்கு ஒட்டி நான் பார்த்ததே இல்லையே. என் பையன் அதிகாரியோட தொப்பியை ஆட்டுக்கு மாட்டிவிட்டான்னு சொன்னியே, அதை எடுத்து விடு. கூட்டம் உருண்டு புரண்டு சிரிக்கும்.

— வேணாம்மா.

— இல்லேன்னா ஆத்துல நீந்திப் போய் எவன் தோட்டத்துலயோ கொய்யாப் பறிச்சான்னியே, அது.

— அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா தொண்டையிலயே நிக்குது.

— என் பையனை நீ உயிரோட பார்த்ததே இல்லை. அதானே? ஸ்பேனரைக் கீழ போட்டுடாதே, தரை ஓடு உடையும்.

— யாரும்மா சொன்னா?

— யார் சொல்லணும்? அவனைக் கொண்டு வந்த அன்னிக்கு வீடே கதறிக்கிட்டு இருக்கு, நீ மட்டும் சுவத்துல இருந்த அவன் போட்டோவை உத்து உத்துப் பார்த்தே. பழகினவனா இருந்தா அப்படிப் பார்ப்பானா? பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரியில்ல பார்த்தே.

— அன்னிக்கே தெரியுமா?

— அது போக, அவனுக்கு நீச்சலும் தெரியாது. வாளித் தண்ணியைப் பார்த்தாலே ஒதுங்கிப் போறவன்.

— தெரிஞ்சும் ஏம்மா கேட்டுக்கிட்டு இருந்தீங்க?

— அவன் வாயில விரலை வெச்சாக் கடிக்கத் தெரியாத பிள்ளைடா. ஒரு சேட்டை பண்ணி நான் அடிச்சதில்லை. போனதுக்கு அப்புறம் ஆட்டுக்குத் தொப்பி மாட்டுறான், அடுத்தவன் மரத்துல ஏறுறான். கேட்கக் கேட்க எனக்கே ஆசையா இருந்துச்சு. பேத்தியைக் கேட்கவே வேணாம். அவ கைக்குழந்தையா இருந்தப்போ போனவன். இப்போ 'எங்கப்பா'ன்னு வாயைத் திறந்தா மூட மாட்டேங்கிறா.

— அண்ணிக்கு?

— கட்டிக்கிட்டவளுக்குத் தெரியாதா? நீ கதை சொல்லும்போது முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டுச் சிரிப்பா. அழுறான்னு நினைச்சு நீயும் குரலைத் தாழ்த்துவே.

— என் மானமே போச்சு. நான் வேற யூனிட்டும்மா. அவர் உடம்பு கூடப் போறதுக்கு ஒரு ஆள் வேணும்னு என்னை அனுப்பினாங்க. வாசல்ல நீங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு 'என் பிள்ளை அங்க எப்படி இருந்தான்'னு கேட்டீங்க. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல.

— சரி, ஆட்டுக்குத் தொப்பி மாட்டினது யாரு?

— நான்தான். எல்லாமே நான் பண்ணினதுதான். அடி வாங்கினதும் நான்தான்.

— நினைச்சேன். முழியே சொல்லுது.

— விளையாடாதீங்கம்மா. நாளைக்கு எந்த மூஞ்சியோட மேடை ஏறுவேன்? அவரைப் பத்தி எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. சரக்கு வண்டியில ரெண்டு நாள் அவர் பெட்டிக்குப் பக்கத்துல உட்கார்ந்து வந்தேன். அவ்வளவுதான் எங்க பழக்கம்.

— ரெண்டு நாளும் என்ன பண்ணினே?

— சிரிக்கக் கூடாது.

— சொல்லு.

— பேசிக்கிட்டே வந்தேன். அவர் தனியா இருக்கிற மாதிரி தோணுச்சு. அந்த ஆட்டுக் கதை, கொய்யாக் கதை எல்லாம் முதல்ல அவர்கிட்டதான் சொன்னேன். அவர் பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே வந்தாரு.

— அப்புறம் என்னடா உனக்கு மேடையில கூச்சம்? அவனுக்கு இருந்த சிநேகிதம் எல்லாமே அப்படித்தான். மத்தவங்க பேசுவாங்க, அவன் கேட்டுக்கிட்டு இருப்பான்.