இழை அறாத நாள்

பிள்ளையார்பாளையத்துத் தறிச் சத்தம் பின்னால் தேய்ந்துகொண்டே வந்தது. ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். இளையவளின் மார்பில் எடுத்த கட்டியின் பரிசோதனை முடிவை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்பது ஏறியதுமே பேச்சில் தெரிந்துவிட்டது.

“நேத்து பூரா தறியில ஒரு இழை கூட அறுந்துபோவல அண்ணி,” என்றாள் இளையவள். “அதான் பயமா இருக்குது.”

“அடிப்பாவி, இழை அறுவலன்னு அழுவுறவள இப்பதான் பாக்குறேன்.”

“அறுந்த இழைய முடிச்சு போடுறப்பல்லாம் இயேசப்பான்னு கூப்புடுவேன். எனக்கு அதான் ஜெபம். நேத்து ஒரு வாட்டி கூட கூப்புடல. இன்னைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அவர கேக்குறது?”

வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது.

“அறுந்தாதான் வருவாரா கர்த்தர்? நேத்து பூரா அறுந்துடாம புடிச்சிக்கினு இருந்தது யாரும்மா?”

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது.

“அண்ணி, ஏன் என் கைய இப்படி நெரிக்கிறீங்க?”

“எனக்கும் பயமா இருக்குதும்மா.”

மூத்தவள் பிடியைத் தளர்த்தினாள்.

“விட்டுடாதீங்க அண்ணி,” என்றபடியே இளையவள் இறங்கினாள்.