குடும்பப் பெயர் கட்டாயம்

— இந்தக் கட்டத்தைக் காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது அண்ணி. பாருங்க, சிவப்புல கத்துது. "குடும்பப் பெயர் கட்டாயம்."

— இந்த எழுத்தாளருக்குக் குடும்பப் பேரே கிடையாதே! எங்கேர்ந்து கொண்டுவந்து போடுவேன்?

— அப்பா பேரைப் போடுங்க. எல்லா நூலகத்துலயும் அப்படித்தான் போடறாங்க.

— போட்டேனே! முதல் ரெண்டு நாவல்ல அப்பா இனிஷியல். கல்யாணத்துக்கு அப்புறம் வந்த கதைக்கெல்லாம் வீட்டுக்காரர் இனிஷியல். கடைசியா வந்த கட்டுரைத் தொகுப்புல அம்மா இனிஷியல். இப்ப நீயே தேடிப் பாரு, என்ன வருதுன்னு.

— மூணு பேர் வராங்க.

— ஒருத்தி எழுதினது! காலையில ஆராய்ச்சி பண்ற பொண்ணு ஒண்ணு வந்து, "இவங்க ரெண்டு நாவலோட எழுத்தையே விட்டுட்டாங்களா மேடம்?"னு கேக்கறா. எனக்குத் தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

— என்னை ஏன் முறைக்கறீங்க? புத்தகப் பட்டியல் போடறதுக்குப் பெரிய ஸ்டாண்டர்டை எடுக்கலாம்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அதுல ஆளுக்குன்னு தனிப் பதிவே உண்டு. எத்தனை பேர்ல எழுதினாலும் ஒரே ஆளுன்னு இணைச்சுடலாம். உங்க நூலகக் கமிட்டிதான் சின்ன ஸ்டாண்டர்டே போதும்னுட்டாங்க.

— கமிட்டி எங்கே சொல்லிச்சு? தலைவர் சொன்னார், மத்தவங்க தலையாட்டினாங்க. இரு, அவரேதான் கூப்பிடறார். ஸ்பீக்கர்ல போடறேன், நீயும் கேளு. சொல்லுங்க சார்.

— என்னம்மா, நாளைக்குக் கம்ப்யூட்டர் பட்டியல் திறப்பு விழா. எல்லாம் தயார்தானே?

— இல்ல சார். எழுத்தாளர் பேர்ல ஒரு சிக்கல்...

— சிம்பிளா இருக்கறதை நீங்கதாம்மா சிக்கலாக்கறீங்க. பேருன்னா பேரு. அதுல என்ன?

— பேரு மாறிடுது சார். அதுவும் பொம்பளைங்களுக்கு...

— கடைசியா என்ன பேரோ அதை வெச்சுக்கிட்டு மிச்சத்தை அழிச்சுடுங்க. சிம்பிள். மேடைக்கு நாற்காலி சொல்லியாச்சா?

— அழிச்சா பழைய புத்தகம் சிக்காது சார். அட்டையில இருக்கற பேரைத்தானே தேடுவாங்க?

— ஹலோ... ஹலோ... சரியா கேக்கலைம்மா. நாளைக்குப் பாக்கலாம்.

— வெச்சுட்டாரா அண்ணி?

— வெச்சுட்டார். நாற்காலின்னா மட்டும் லைன் நல்லா இருக்கும் அவருக்கு. சரி, நீ ஒண்ணு சொல்லு. இந்தச் சின்ன ஸ்டாண்டர்டுல குடும்பப் பேர் கட்டாயம்னு எங்கே எழுதியிருக்கு? காட்டு.

— அது... ஸ்டாண்டர்டுல இல்ல.

— என்னது?

— கத்தாதீங்க. வெளியில படிக்கறவங்க திரும்பிப் பாக்கறாங்க. அது எங்க சாஃப்ட்வேர் கம்பெனி போட்டது. வேற ஏதோ ஆஸ்பத்திரிக்குச் செஞ்ச டெம்ப்ளேட்டை அப்படியே தூக்கி இங்கே வெச்சுட்டாங்க போல. நான் கவனிக்கலை.

— ஆறு மாசமா ஸ்டாண்டர்டு ஸ்டாண்டர்டுன்னு என் உயிரை எடுத்தியே! இல்லாத குடும்பத்தையெல்லாம் இருக்குன்னு அடிச்சு, என் விரல் தேஞ்சு போச்சுடி!

— தப்புதான் அண்ணி. தள்ளுங்க, நான் உக்காரறேன். கட்டாயத்தை எடுத்தாச்சு. "வேறு பெயர்கள்"னு ஒரு கட்டம் சேக்கறேன். மூணு பேரையும் அதுல போட்டு... இப்ப தேடுங்க.

— ம். ஒரே ஆள். நாவல், கதை, கட்டுரை, எல்லாம் ஒண்ணா வந்துடுச்சு.

— மத்த எழுத்தாளருங்களை ஒவ்வொருத்தரா கையாலதான் சரிபண்ணணும்.

— பண்ணறேன். ஒரு வருஷம் ஆனாலும் சரி.

— சிரிச்சுட்டீங்க! அப்பாடா. கடைசியா ஒண்ணே ஒண்ணு. "பதிவு செய்தவர்"னு கேக்குது, அதுல உங்க பேரை எங்க அண்ணன் இனிஷியலோட போட்டுட்டேன். சரிதானே?

— அந்த இனிஷியலை எடுத்துடு.

— ஓ, உங்க அப்பா இனிஷியல் போடணுமா?

— அதுவும் வேண்டாம். வெறும் பேரு.

— ஏன் அண்ணி? எப்பவும் அண்ணன் இனிஷியலோடதானே கையெழுத்தே போடுவீங்க?

— நாங்க பிரியறதுன்னு பேசி முடிவு பண்ணியாச்சும்மா. உன்கிட்ட அவரே சொல்லிடறேன்னாரே உங்கண்ணன், இன்னும் சொல்லலையா?