மோருக்குள் புரோட்டா

அறந்தாங்கிப் பேருந்தில் எனக்கு முன் இருக்கைப் பெண் சத்தமாகச் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு மோரு குடிச்சா, புரோட்டா தின்ன மாதிரியே வயிறு உப்புதுக்கா."

பக்கத்தில் இருந்தவள் திரும்பினாள். "கோதுமை, மைதா ஆகாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல? ஒனக்குத் தெரியாமத் திங்கிறாரோ என்னமோ."

"நானும் அப்படித்தான்க்கா நெனச்சேன். தெனமும் கையை மோந்து பாத்துத் திட்டுவேன். கொலசாமி மேல சத்தியம் வாங்கினேன். உப்புற வயித்துக்கு, மோருல எப்பவும் போடுற பெருங்காயத்தை இன்னும் அள்ளிப் போட்டுக் குடுத்தேன்."

"நல்லதுதானே?"

"நேத்துத்தான் டப்பாவைப் படிச்சேன். பெருங்காயத்தோட மைதாவையும் கலந்திருக்காங்க."

"ஆத்தாடி! அவருகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். இம்புட்டு நாளாத் திங்காமலே வாங்குன திட்டுக்குத் தின்னுட்டு வாரேன்னு, சட்டையை மாட்டிக்கிட்டுப் புரோட்டாக் கடைக்குப் போயிட்டாருக்கா."