இருபத்திரெண்டாம் பிள்ளை

ஹட்டனிலிருந்து பூண்டுலோயா போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கல்யாண வீடியோ எடுப்பவர் என்பது மடியிலிருந்த கேமரா பையைப் பார்த்ததும் தெரிந்தது.

“கடையில பதினாறு இருந்திச்சு. நான்தான் இருபத்திரெண்ட கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன்,” என்றார் அவர்.

“எதுல இருபத்திரெண்டு?”

“கம்ப்யூட்டருக்கு வாங்குன ரேம்ல. ரெண்டுலயும் வேகம் ஒண்ணுதான். டைமிங்னு ஒரு நம்பர் இருக்கு, அதுதான் வேற.”

“கூடுன நம்பர்தானே நல்லது?”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். கடைக்காரர் சொல்லியும் கேக்கல. வேகம் பரீட்சைப் புள்ளி மாதிரி, கூடணும். டைமிங் வகுப்புல எத்தனையாம் பிள்ளையா வந்தோம்ங்கிற மாதிரி, குறையணும். நாம கேட்டதக் குடுக்க அது எவ்வளவு சுணங்குதுன்னு காட்டுற நம்பர் அது.”

மனைவி அவர் பக்கம் திரும்பினார்.

“அப்ப சனிக்கிழம குடுக்க வேண்டிய கல்யாண வீடியோ?”

“அது நேத்தே முடிஞ்சிருச்சு. பழைய ரேம்ல மாதிரி தாலி கட்டுற எடத்துல கம்ப்யூட்டர் நின்டு போகல. பதினாற வாங்கியிருந்தா இன்னும் கொஞ்சம் வெரசா முடிஞ்சிருக்கும். என்ன செய்ய, வகுப்புல நான் இருபத்திரெண்டாம் பிள்ள. அந்த நம்பரப் பாத்ததும் நம்ம ஆளுன்னு கைய நீட்டிட்டேன் போல.”

“வேல நடக்குதில்ல, விடுங்க,” என்றார் மனைவி. “நானும் இருபத்திரெண்டாம் பிள்ளயத்தானே கட்டிக்கிட்டேன். மாத்தித் தாங்கன்னு யாருகிட்டயும் போய் நிக்கலயே.”