பேச நான் இருக்கிறேன்

நான் வாயைத் திறந்தால் வீட்டில் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும். என் மனைவி வள்ளி அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போவாள். அடுப்பு எரியாது.

லாட்ஜ் மேனேஜராக இருந்தவரை கவலை இல்லை. கிரிவலத்துக்கு வந்தவர்கள் அறைச் சாவியை வாங்கும்வரை என் பேச்சைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஊரடங்கில் லாட்ஜைப் பூட்டினார்கள். அப்போதுதான் தெரு வாட்ஸ்அப் குழுவில், மனசு சரியில்லாதவர்களோடு போனில் பேச ஆள் கேட்டார்கள். முதல் ஆளாக என் நம்பரைக் கொடுத்தேன். தகுதி என்னவென்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கே சிரிப்பு வந்திருக்கும்.

மதிவதனி ஒருத்திதான் கூப்பிட்டாள். வேங்கிக்காலில் தனி அறை. பஸ் ஓடாததால் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அண்ணன் இனியன் வீட்டுக்குப் போக முடியவில்லை. தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை. தினமும் பேசினோம். நான் எதைச் சொன்னாலும் "ஆமாண்ணா" என்பாள். இன்ஸ்பெக்டர் ஐயா, என் பேச்சை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு நாள் சொன்னாள். "அண்ணா, இப்போ அழுகை கம்மியாயிடுச்சு. அண்ணன் ஊரடங்கு பாஸ் வாங்கிட்டாரு, நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறாரு. டாக்டர்கிட்டயும் காட்டலாம்னாரு."

அவள் போய்விட்டால் என் பேச்சைக் கேட்க ஆள் ஏது? ஆனாலும் பொறுமையாகத்தான் பேசினேன்.

"போம்மா. ஆனா அண்ணன் வீட்டுல கைக்குழந்தை இருக்குதே, உன்னால அதுக்கு ஏதாவது ஒட்டிக்கிச்சுன்னா? மாத்திரை போட ஆரம்பிச்சா ஊரே பைத்தியம்னு பேசும். இந்த அழுகை கம்மியான மாதிரிதான் இருக்கும், அப்புறம் ஜாஸ்தியா திரும்பி வரும். நான் இருக்கேன்ல?"

அண்ணனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அழுகை ஜாஸ்தியாகத்தான் திரும்பி வந்தது. சொன்னது பலித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. "நான் எல்லாருக்கும் பாரம்ணா" என்றாள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

பிறகு அவள் கூப்பிடவில்லை. கதவை உடைத்துத்தான் உடலை எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

நீங்கள் கேட்டதும் போனைக் கொடுத்துவிட்டேன். எல்லாப் பேச்சும் அதில் பதிவாகியிருக்கிறது. என் குரலை நானே திரும்பக் கேட்கத்தான் பதிவு செய்தேன், வேறு யார் கேட்கப்போகிறார்கள்? அவளைச் சாகவிட்டது நான்தான், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள்.

போன வாரம் இனியன் பேசினார். "கடைசி வரைக்கும் தங்கச்சிகூட பேசுனது நீங்கதாங்க" என்று நன்றி சொல்லி அழுதார். அவருக்கும் தூக்கம் இல்லையாம், சோறு இறங்கவில்லையாம். தினமும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

போனை எப்போது திருப்பித் தருவீர்கள்? பாவம், என்னை விட்டால் அவருக்குப் பேச ஆள் இல்லை.