ராசியில்லாத வண்டி

வெளிர் நிற சீட்டுக்குச் சோப்பு ஆகாது தம்பி. அப்போதைக்கு வெளுப்பாகக் காட்டும், ஒரு மாதத்தில் அந்த இடம் மட்டும் மஞ்சளித்து நிற்கும். குழந்தைகளுக்குப் போடும் ஷாம்புவில் ஒரு மூடி எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்க வேண்டும். பழைய பனியன் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, ஒரே திசையில் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்ப்பவர்கள் கார் வைத்திருக்கத் தகுதியில்லாதவர்கள். பிறகு காய்ந்த துணியால் ஒற்றி எடுத்து, நான்கு கதவையும் திறந்து நிழலில் உலர விட வேண்டும். ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதைச் செய்திருக்கிறேன். குனிந்து பாருங்கள். தடவியும் பார்க்கலாம், கை சுத்தம் என்றால்.

இருந்தும் நீங்கள் வாங்க மாட்டீர்கள் என்று தெரிகிறது. போனில் பேசியபோது இருந்த குரல் இப்போது இல்லை. எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாளிடம் வழி கேட்டிருக்கிறீர்கள். அவள் வழியோடு நிறுத்தியிருக்க மாட்டாள். "அது ராசியில்லாத வண்டிங்க. பெத்த பொண்ணு உசுருக்குப் போராடறப்ப கழுத்தறுத்த வண்டி" என்று சொல்லியிருப்பாள். உங்களுக்கு முன்னால் வந்த மூன்று பேரிடமும் அதைத்தான் சொன்னாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. தெருவுக்குத் தெரிந்ததைச் சொல்கிறாள். உங்கள் மனைவி வேறு மாசமாக இருக்கிறார், அதற்காகத்தான் கார் பார்க்கிறேன் என்று நீங்களே சொன்னீர்கள். அப்படிப்பட்டவர் ராசி பார்ப்பது நியாயம்.

ஆகவே இந்த வண்டியின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று விளக்கும் கடமை எனக்கு இருக்கிறது. நீங்கள் பண்ருட்டிக்காரர், இந்தத் தெருவில் உங்களுக்கு யாரையும் தெரியாது. என் மனைவி அமிர்தமும் மகள் அருள்மொழியும் வடலூருக்குப் போயிருக்கிறார்கள், மாதப் பூசம். பஸ்ஸில் திரும்பி வர இருட்டிவிடும். உட்காருங்கள். சீட்டில் வேண்டாம், இந்த ஸ்டூலில்.

முப்பத்து மூன்று வருடம் தாலுகா ஆபீசில் வேலை பார்த்தேன். தெருவில் என்னைத் தாசில்தார் என்பார்கள். துணைத் தாசில்தாராகத்தான் ஓய்வு பெற்றேன், அதுவும் கடைசி ஏழு மாதம். அந்தத் 'துணை'யை விட்டுவிட்டுக் கூப்பிடுவது அவர்களாகக் கொடுத்த மரியாதை, நான் திருத்தவில்லை. வாசலில் பெயர்ப்பலகை எழுதியபோது பெயின்டரும் இடம் பற்றாது என்றான். அவனையும் நான் வற்புறுத்தவில்லை.

அதிகாரியின் ஜீப்பில் முன் சீட்டின் மேல் ஒரு வெள்ளை டர்க்கி டவல் விரித்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அதை விரிப்பது என் பொறுப்பு. யாரும் உத்தரவு போடவில்லை, நானாக எடுத்துக்கொண்டது. மடிப்பு நேர் நடுவில் வர வேண்டும். அதிகாரிகள் மாறினார்கள், மடிப்பு மாறவில்லை. நான் பின்னால் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் பைல் கட்டுகளோடு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவேன். மழைக்காலத்தில் வெள்ளச் சேதம் பார்க்கப் போவோம். வயலில் இறங்கினால் எல்லோர் காலும் ஒரே சேறுதான். ஆனால் சாயங்காலம் டவல் மட்டும் போனபடியே வெள்ளையாகத் திரும்பி வரும். ஒருவர் பெரிய மனிதர் என்பதற்கு அதற்கு மேல் சான்றிதழ் தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது.

2006-இல் ஓய்வு பெற்றதும் புதுச்சேரிக்குப் போய் இந்த வண்டியை எடுத்தேன். அமிர்தம் சாம்பல் நிற சீட்டைக் காட்டி, "இது அழுக்கு தாங்குங்க" என்றாள். ஷோரூம் பையன் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "இந்த க்ரீம் கலர எல்லாருக்கும் நாங்க காட்டறதில்ல சார். மெயின்டெயின் பண்றவங்கள மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிடும்." முப்பத்து மூன்று வருடத்தில் என் மூஞ்சியை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

வீட்டில் சில விதிகள் வைத்தேன். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பூ, வெற்றிலை, முறுக்கு கூடாது. எண்ணெய் தேய்த்த தலையைச் சாய்க்கக் கூடாது. ஒரு முறை தெருவில் மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி கேட்டார்கள், கொடுத்தேன். சந்தனம் பூசாமல், மாலையை டிக்கியில் வைத்துவிட்டு ஏறச் சொன்னேன். மாப்பிள்ளை மண்டபத்தில் இறங்கியபோது மொய் எழுத வந்தவர் மாதிரி இறங்கினார் என்று குறைபட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. எனக்கும் வசதியாயிற்று.

அருளு எங்களுக்கு ஒரே பெண். சிதம்பரத்தில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை அறிவழகன், அண்ணாமலை நகரில் வீடு. 2010 வைகாசியில் வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்கு அவளை அழைத்து வந்தோம். ஆலப்பாக்கம் தாண்டியதும் அவளுக்குக் குமட்டியது. "அப்பா, ஓரமா நிறுத்துங்க" என்றாள். ஓரத்தில் சேறாக இருந்தது, நல்ல இடம் பார்த்தேன். அதற்குள் அவளுக்கு வந்துவிட்டது. வளைகாப்புப் பட்டுப்புடவையின் முந்தானையை இரண்டு கையாலும் குழியாகப் பிடித்து அதிலேயே எடுத்தாள். கை நிறைய வளையல், அவ்வளவும் நனைந்தது. சீட்டில் ஒரு சொட்டுப் படவில்லை.

"சீட்டு போனா போவட்டும்டி. பட்டுல போயி எடுப்பியா?" என்று அமிர்தம் திட்டினாள்.

"பொடவையத் தொவச்சிக்கலாம்மா. அப்பா சீட்டத் தொவச்சிக் கொடில போட முடியுமா?" என்று அருளு சிரித்தாள்.

கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் ஓட்டினேன். கடலூர் வரை அந்த முந்தானையை அப்படியே பிடித்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பட்டுப்புடவையையும் துவைக்க முடியாது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டரை மணி. நாள் நெருங்கவில்லை, இன்னும் மூன்று வாரம் இருந்தது. அன்றைக்கும் சீட்டைத் துடைத்து உலர விட்டிருந்தேன். சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்தபோது அமிர்தம் கூப்பிட்டாள். கூடத்தில் பாயில் படுத்திருந்த அருளுவுக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. வலி விட்டு விட்டு வரவில்லை, ஒரேயடியாக இருந்தது. அமிர்தம், "வண்டிய எடுங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போயிடலாம், பாலம் தாண்டுனா பத்து நிமிஷம். எடுங்க" என்றாள்.

நான் நடக்கவில்லை, ஓடினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாவியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடி, கதவுகளைச் சாத்தி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணாடியைச் சரி செய்தேன். அதில் பின் சீட்டு தெரிந்தது. கூரைத் தகட்டின் இடுக்கு வழியாக ஒரு கீற்று வெயில் அதன் மேல் விழுந்திருந்தது. அப்போதுதான் கடைந்தெடுத்த வெண்ணெய் மாதிரி இருந்தது.

பிளாஸ்டிக் ஷீட் ஒன்று இருந்தது. அது பரணில், பழைய டிரங்க் பெட்டிக்கு அடியில். ஏணி போட்டு எடுக்க ஐந்து நிமிடம் ஆகும். போர்வை விரித்தால் ஊறிவிடும். துணி தாண்டி, சீட்டு தாண்டி, உள்ளே இருக்கும் பஞ்சுக்கு இறங்கிவிடும். டீக் கறைக்கு எனக்கு வழி தெரியும், சந்தனத்துக்குத் தெரியும், மைக்குக்கூடத் தெரியும். ரத்தத்துக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. உள்ளேயிருந்து அமிர்தம், "என்னாங்க பண்றீங்க, ஜாஸ்தியாப் போவுது" என்றாள்.

சாவி என் கையில்தான் இருந்தது. நான் அதைப் போடவில்லை.

எத்தனை நேரம் என்று கேட்பீர்கள். இரண்டு நிமிடம் இருக்கும். நான் எதையும் முடிவு செய்யவில்லை தம்பி. கூடத்துக்குத் திரும்பி நடக்கும்போதுகூட என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. வாய் தானாகச் சொல்லிற்று: "ஸ்டார்ட் ஆவல."

அமிர்தம் தலையில் அடித்துக்கொண்டாள். அருளு பாயிலிருந்து என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. "பரவால்லப்பா. நீங்க பதறாதீங்க. ஒங்களுக்கு பிரஷர் இருக்கு" என்றாள்.

108-க்கு நான்தான் போன் செய்தேன். விலாசத்தைத் தெளிவாக, இரண்டு முறை சொன்னேன். அவர்கள் மேல் தப்பில்லை, உடனே கிளம்பிவிட்டார்கள். வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. கொளஞ்சியம்மாள் ஆட்டோ பிடிக்கச் செருப்புகூடப் போடாமல் மெயின் ரோட்டுக்கு ஓடினாள். மதிய நேரம், ஞாயிறு. ஆட்டோவும் ஆம்புலன்ஸும் ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தன. எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரம். ஆம்புலன்ஸில் ஒரு நர்ஸ் மாதிரியானவர் இருந்தார், ஆக்சிஜன் இருந்தது. காரில் இந்த வசதியெல்லாம் ஏது என்று அப்போது எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

ஆண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. முடி நிறைய இருந்தது. அழவில்லை. அருளுவைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. "அரை மணி முன்னாடி வந்திருந்தா ரெண்டையுமே காப்பாத்தியிருக்கலாம்" என்று டாக்டரம்மா சொன்னார். ஆஸ்பத்திரிக்காரர்கள் இப்படிச் சொல்வது வழக்கம்தான்.

யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொளஞ்சியம்மாள் கேட்டுக்கு வெளியே நின்று வண்டியைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். "நீ நல்லாருப்பியா" என்று ஒரு வண்டியைக் கேட்டாள். மாப்பிள்ளை சிதம்பரத்திலிருந்து வந்து என் தோளில் சாய்ந்து அழுதார். "ஒங்க மேல என்னா மாமா தப்பு. மிஷினுதான. நான் இங்க இருந்திருக்கணும்" என்றார். அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். மெக்கானிக் அய்யனார் மறுநாளே பையோடு வந்து, "சார், என்னான்னு பாத்துட்டுப் போறேன்" என்றான். தொடாதே என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? அவன் சாவியைத் திருப்பினால் ஒரே திருப்பில் எடுத்துவிடும். அவன் கண் கலங்கி வெளியே போய், "தாசில்தாருக்கு மனசு ஒடஞ்சி போச்சி, வண்டிய யாரும் தொடக் கூடாதுன்றார்" என்று தெருவெல்லாம் சொன்னான். அன்றிலிருந்து இது ஓடாத வண்டி. ஞாயிற்றுக்கிழமை நான் சீட்டைத் துடைப்பதை அவர்கள் துக்கம் என்று நினைக்கிறார்கள். சிலர் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அந்த வாரமே அமிர்தம் அன்றைய பாயையும் அருளுவின் புடவையையும் கொல்லையில் போட்டு அலசினாள். பச்சைத் தண்ணீர், ஒரு கை கல்லுப்பு, அவ்வளவுதான். சுடுதண்ணீர் பட்டால்தான் ரத்தம் பிடித்துக்கொள்ளுமாம். அரை மணியில் புடவை பழையபடி ஆகிவிட்டது. பக்கத்தில் நின்று பார்த்தேன். இந்த விவரம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் நான் வண்டியை எடுத்திருப்பேன். தகவல் இல்லாததால் ஏற்பட்ட தாமதம் என்று ஆபீசில் எழுதுவோம், அந்த மாதிரிதான் இதுவும்.

ஆறு மாதம் கழித்து அருளு சிதம்பரம் போனாள். அங்கே சம்பந்தியம்மாள் கேட்டிருக்கிறார்: "வண்டி மட்டுந்தான் ராசியில்லையா, இல்ல ஏறப் போனவளுக்கும் சேத்தா?" மாப்பிள்ளை நல்லவர்தான், அம்மாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அடுத்த பொங்கலுக்குள் அவள் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். பஸ்ஸில்தான் வந்தாள். மாடி அறையில் இருக்கிறாள். "அப்பா, அத வித்துடுங்க. அது நிக்கிறதப் பாத்தா எனக்கு நெஞ்ச அடைக்குது" என்று போன வாரம் சொன்னாள். அவள் எதையும் கேட்டு வாங்குகிற பெண் இல்லை. அதனால்தான் விற்கிறேன். விற்றே ஆக வேண்டும்.

இப்போது சாவியைப் பிடியுங்கள். ஒரு நிமிடம், தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு வருகிறேன். மாதா மாதம் பூசத்தன்று இவர்கள் கிளம்பியதும் மோட்டாரைப் போட்டுவிட்டுத்தான் வண்டியைப் பத்து நிமிடம் ஓட விடுவேன், சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்காது. போட்டாயிற்று. திருப்புங்கள்.

பார்த்தீர்களா. எப்போது திருப்பினாலும் இப்படித்தான். அன்றைக்கும் இப்படித்தான் எடுத்திருக்கும். வண்டியின் ராசிக்கு ஒரு குறையும் இல்லை, தைரியமாக உங்கள் மனைவியை ஏற்றிக்கொண்டு போகலாம். நிறுத்திவிடுங்கள், போதும்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்றைக்கு அருளு வீட்டில்தான் இருப்பாள், மாடி ஜன்னலில் நிற்பாள். அதனால் இங்கே சாவியைப் போடாதீர்கள். இரண்டு ஆள் கூட்டி வந்து தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே திரும்பிய பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். நானும் பின்னாலிருந்து தள்ளுகிறேன். நான் தள்ளுவதைப் பார்த்தால் அவள் பொறுக்க மாட்டாள், தானும் ஒரு கை கொடுக்க இறங்கி வருவாள். நீங்கள் விடக் கூடாது. வயிற்றில் தையல் போட்ட உடம்பு, பாரம் தள்ளக் கூடாது. அவள் விஷயத்தில் மட்டும் நான் ஒரு நாளும் அஜாக்கிரதையாக இருந்ததில்லை.