ரிட்டயர்டு ஆன மறுநாள்

துறைமுகத்துக்குப் போகும் காலைப் பேருந்தில், என் முன்சீட்டில் இருவர். மூத்தவர் மடியில் டிபன் கேரியர்.

"நேத்துதான அண்ணாச்சி மாலை போட்டு அனுப்புனோம்? இன்னைக்கு ஏன் வாறீய?"

"ஒங்க மதினி பழக்கத்துல சோறு கட்டிட்டா. நானும் பழக்கத்துல பஸ் ஏறிட்டேம்ல."

"இப்ப எங்க போவீய?"

"பீச்சுக்கு. நீங்க வேலை பாக்கத அங்கன இருந்து பாத்துக்கிட்டே சாப்பிடப் போறேன். நீயும் வால."

"லீவச் சேத்து வச்சிருக்கேன் அண்ணாச்சி. ரிட்டயர்டு ஆகையில காசா வாங்கிரலாம்லா."

"நானும் வாங்குனேன். காசு வந்துட்டு. போன நாள்ல ஒண்ணுகூட வரலியே!" மூத்தவர் குலுங்கிச் சிரித்தார்.

இளையவர் ஜன்னல் வழியே உப்பளங்களைப் பார்த்தார்; பிறகு கேரியரைப் பார்த்தார்.

"கேரியர்ல என்ன இருக்கு?"

"பொரிச்ச சீலா மீனு."

இளையவர் போனை எடுத்தார்.

"சார், காலைல இருந்து ஒரே வயித்துவலி..."